புத்தகத்துக்கு நூல் போட்ட பிறகு

என் பூச்சிக்குட்டி,

ஆத்தா எழுதுகிறேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்து என் இரண்டு கைக்குள் அடங்கிக் கிடந்தாய் என்று உனக்கு அந்தப் பேர் வைத்தேன். கோயிலில் சலேத்தம்மாள் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சலேத் டீச்சர் என்றார்கள். கல்லறைச் சிலுவையிலும் அந்தப் பேர்தான் இருக்கிறது. அங்கே போய் நிற்கும்போதெல்லாம், இது வேறு யாரோ ஒரு பெண், என் பூச்சி வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிடுகிறது. அப்புறம் பேரை மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன்.

உன் வருஷப் பூசை நெருங்குகிறது. உன்னோடு வேலை பார்த்த ஆரோக்கியம் டீச்சர் வந்து, கோயிலில் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் போட உன்னைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் ஊருக்கு என்ன எழுதுவது? என் மகளுக்கு எழுதுகிறேன், ஊர் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும் என்றேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். உன் மாமியாரைப் பற்றியும் இதில் வருகிறது. அவர்கள் முகத்துக்கு நேரே நடக்காத எதையும் நான் எழுதவில்லை.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், பூச்சி. கீழே இரண்டு பல், மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது. நின்று ஆடுவாள், பொத்தென்று உட்காருவாள், அழமாட்டாள், மறுபடி சுவரைத் தேடிப் போவாள். பார்க்கிறவர்கள் எல்லாம் கை தட்டுகிறார்கள். நான் மட்டும் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன். அவள் நடந்துவிட்டால் உன் மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எல்லாம் நீ போன பிறகு நடந்தது.

உன்னைக் கொண்டுபோன வண்டியில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. பிள்ளை வீட்டிலேயே பிறந்துவிட்டது. உனக்கு இரத்தம் நிற்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பயமில்லை என்றாள் மருத்துவச்சி. நார்த்தாமலைப் பாறை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் என் கையைப் பிடித்திருந்த உன் கை விட்டுப்போனது. இப்போதும் பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்துக் கண்டக்டர், “ஜன்னல் பக்கம் வந்து உக்காருங்க ஆத்தா” என்கிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியுமே.

கோயிலில் கொடுக்கிற பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தோம். அது சேராத நாளில் ஆட்டுப்பால். பிள்ளையை வளர்த்தது நான் என்று ஊரில் சொல்கிறார்கள். அது நிஜமில்லை. உன் தங்கச்சி அமலிதான் வளர்த்தாள். பதினேழு வயதுப் பெண், தலை சீவ நேரமில்லாமல், எந்நேரமும் இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளை இருமினால் நான் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கொஞ்ச காலம் கழித்து கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து உன் மாமியார் வந்தார்கள். மாப்பிள்ளையும் கூட வந்து, வீட்டுக்குள் வராமல் வண்டிமாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். ஒரு ஓலைக்கொட்டான் நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, துக்கம் கேட்க வந்தவர்கள் இல்லை என்று.

“சுத்தி வளைக்காமச் சொல்லிர்றேன் சம்பந்தி” என்றார்கள். “எம் மகன் தனியா இருக்க முடியாது. வெளிய பொண்ணெடுத்தா வர்றவ இந்தப் பிள்ளைய ஊரான் பிள்ளையாத்தான் பாப்பா. ஒங்க அமலியவே குடுத்துருங்க. பிள்ளைக்கு ஆத்தா போன கணக்கே இருக்காது.”

“பிள்ளைக்கு இருக்காது. எங்களுக்கு இருக்கே” என்றார் உன் அய்யா.

அக்காள் புருஷனைத் தங்கச்சி கட்டுவதற்கு, சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும். அதையும் உன் மாமியார் விசாரித்து வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் சம்மதம் சொன்னால் பங்குச் சாமியார் எழுதிப் போடுவாராம். உன் அய்யா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

எனக்கு யோசனையே இல்லை, பூச்சி. அவர்கள் கேட்டு முடிக்குமுன்னே என் மனசு தலையாட்டிவிட்டது. அமலி அந்த வீட்டுக்குப் போனால் பிள்ளை என் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கும். நினைத்தபோது போகலாம், தூக்கிக்கொண்டு வரலாம். உன் கண்ணும் உன் நெற்றியும் எங்கேயும் போகாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அமலி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பிள்ளையோடு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

“என்ன யோசனை? நூல் போட்டுப் பாத்துருவோம்” என்றார்கள் உன் மாமியார். “ஒங்க மக வச்சிருந்த சுவிசேஷப் புத்தகம் இருக்குல்ல? ஆண்டவரே சொல்லட்டும். அதுக்கு மேல நீங்களும் பேச வேண்டாம், நானும் பேச வேண்டாம்.”

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஏடு வைத்திருப்பவர்கள் அதற்குள் கயிறு போட்டுச் சகுனம் பார்ப்பார்கள். அதைக் கண்டு நம்மவர்களும் செபப்புத்தகத்துக்கு நூல் போடப் பழகிக்கொண்டார்கள். கண்ணை மூடி, சிலுவை போட்டு, புத்தகத்தின் ஓரத்தில் ஒரு நூலை நுழைக்க வேண்டும். நூல் எந்தப் பக்கத்தில் போகிறதோ அந்தப் பக்கம் சொல்வதுதான் உத்தரவு. மாடு வாங்கலாமா, மலேயாவுக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் நூல்தான்.

நீ இதைக் கண்டால் கத்துவாயே! “ஆத்தா, ஆண்டவர் என்ன கோடாங்கியா? உடுக்கை ஒண்ணுதான் கொறச்சல்!” என்று ஒருநாள் என் கையிலிருந்த நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டாய். அது தாவணிக்கு ஓரம் அடிக்க வைத்திருந்த நூல். நூலுக்காக உன்னைத் திட்டினேன். நீ சொன்னது காதில் ஏறவில்லை.

அன்றைக்கு நூல் போட்டது நான்தான். கண்ணை மூடிச் சிலுவை போட்டேன். உள்ளே ஒரு குரல், எங்கே விழுந்தாலும் சரி என்று சொல்கிற மாதிரி விழட்டும் என்றது. பக்கத்தைத் திறந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

ஏழு அண்ணன் தம்பிகள் கதையில் விழுந்திருந்தது. மூத்தவன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளையில்லாமல் சாகிறான். அவளை அடுத்தவன் கட்டுகிறான், அவனும் சாகிறான். இப்படி ஏழு பேரும் கட்டி, ஏழு பேரும் செத்து, கடைசியில் அவளும் சாகிறாள்.

நான் வாசித்து முடித்ததும் உன் மாமியார் கையைத் தட்டினார்கள். “பாத்தீங்களா? அண்ணன் பொண்டாட்டியத் தம்பி கட்டுறான். அக்கா புருஷனத் தங்கச்சி கட்டுனா என்ன? வேதமே சொல்லிருச்சு!”

“அதுல வரிசையா ஏழு பேரு சாகுறான் சம்பந்தி” என்றார் உன் அய்யா. “நமக்குப் பொண்ணு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு போயிருச்சு.”

“வாயக் கழுவுங்க! நல்ல காரியம் பேசுற எடத்துல!” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகவும், அதற்குள் வாக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்லி எழுந்துபோனார்கள்.

உன் அய்யா வேடிக்கையாகச் சொன்னாரோ, வயிற்றெரிச்சலில் சொன்னாரோ, அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. உலை கொதிப்பது தெரியாமல் நின்றேன். நூல் விழுந்த பக்கம் நிஜமாகவே உத்தரவு என்றால், கட்டிக்கொடு என்று சொன்னதோடு கட்டினவர்கள் செத்ததையும் அதே பக்கம்தானே சொல்கிறது? அமலியும் அந்த வீட்டுக்குப் போய், அவளும் உண்டாகி, அவளையும் நான் வண்டியில் போட்டுக்கொண்டு அதே மலையைப் பார்த்தபடி போவேனோ? கொடுக்காவிட்டால் ஆண்டவர் பேச்சை மீறினவள் ஆவேனோ? அந்தக் கோபம் பிள்ளைமேல் இறங்குமோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சவக்குழி தெரிந்தது.

பயம் தாங்காமல் சாமியாரிடம் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று அதற்கும் பயந்தேன். பொம்பிளைகள் தாங்களாகச் சுவிசேஷம் படிப்பது புரோட்டஸ்டண்டு வேதக்காரர்கள் வழக்கம், நமக்கு ஆகாது என்று கோயில் உபதேசியார் முன்பு ஒருமுறை உன்னையே கண்டித்தாரே. சாமியார் புத்தகத்தைக் கேட்கவில்லை. “நூல் போட்டதுக்குச் செபமாலையில அம்பத்துமூணு மணி செபம் சொல்லும்மா. புத்தகத்தப் படிக்கிறது தப்பில்ல. படிச்சா ஒழுங்காப் படி. படிச்சிட்டு ஊருக்கு அர்த்தம் சொல்லப் போயிராத” என்றார்.

ஒழுங்காகப் படிப்பது எப்படி என்று யாரைக் கேட்பேன்? நீ படித்ததை நினைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வைக்கோல்போர் ஓரம் போய் உட்காருவாய். சிலுவை போட்டுவிட்டுச் சும்மா இருப்பாய். எனக்கு எரிச்சலாக வரும், வேலை கிடக்கிறதே என்று. கொஞ்சம்தான் படிப்பாய். அப்புறம் மறுபடி சும்மா இருப்பாய். என்னடி அதில் இருக்கிறது என்று கேட்டதற்கு, “இதுல எனக்கு என்ன இருக்குன்னு கேக்குறேன் ஆத்தா. அடுத்தவுகளுக்கு என்ன இருக்குன்னு கேட்டா ஒண்ணுமே வெளங்காது” என்றாய்.

நானும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்துக்குள் நீ அடையாளத்துக்கு வைத்திருந்த குருத்தோலைத் துண்டு இருந்தது. நீ கடைசியாகப் படித்து நிறுத்திய இடம். நூல் விழுந்த பக்கத்துக்கு நாலைந்து ஏடு முன்னால். அங்கிருந்து படிக்கலாம் என்று தோன்றியது. உனக்குப் பின்னால் நடந்து வருவது போல இருந்தது.

முதல் நாள் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. கோயிலில் இரண்டு பேர் செபம் செய்கிற இடம் அது. ஒருவன் முன்னால் நின்று, நான் மற்றவர்களைப் போல இல்லை, இதோ இவனைப் போல இல்லை என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறான். மற்றவன் தூரத்தில் நின்று, தலை தூக்காமல் மார்பில் அடித்துக்கொள்கிறான். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். முன்னால் நிற்பது உன் மாமியார்தான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கை தட்டல், அந்த அதிகாரம், அப்படியே இருக்கிறதே!

மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்து கை நின்றது. அந்த அம்மாளைப் போல நான் இல்லை என்று இப்போது சொன்னது யார்? பேத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவர்கள் அமலியைக் கேட்டார்கள். நானும் அதற்காகத்தான் அமலியைக் கொடுக்க இருந்தேன். அவர்களாவது வாய் திறந்து கேட்டார்கள். நான் நூலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் தினமும் போனேன். ஒரு நாள் ஒன்றும் புரியவில்லை. இன்னொரு நாள் பயம்தான் கூடியது. நமக்குள் இருப்பதையெல்லாம் இந்தப் புத்தகம் வெளியே எடுத்துப் போடுமோ என்று அதைத் திறக்கவே தயங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. உன் அய்யா, “என்ன சொல்லப் போறே?” என்று கேட்கிறபோதெல்லாம், “படிச்சிட்டிருக்கேங்க” என்றேன். “ஒங்க அம்மாயி பரீட்சைக்குப் படிக்கிறா” என்று பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் அவரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் புத்தகத்தில் ஒரு குருடன் வந்தான். எரிக்கோ ஊர் வழியில் உட்கார்ந்து பிச்சை எடுக்கிறவன். ஆண்டவர் போகிறார் என்று தெரிந்து கத்துகிறான். சும்மா இரு என்று கூட இருந்தவர்கள் அதட்டுகிறார்கள். அவன் இன்னும் கத்துகிறான். ஆண்டவர் நின்று, அவனைத் தம்மிடம் கொண்டுவரச் சொல்கிறார். வந்ததும் அவனைப் பார்த்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

அந்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை, பூச்சி. குருடனுக்கு என்ன வேண்டும் என்று வழியில் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாதா? மனிதர் மனசிலுள்ளதெல்லாம் தெரிந்தவர் நின்று அவனைக் கேட்கிறார். அவன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

நான் யாரைக் கேட்டேன்? நூலைக் கேட்டேன். சாமியாரிடம் போனேன். ஆண்டவரை விடாமல் நச்சரித்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பிள்ளையோடு நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவர் கேட்டார். ஒன்றும் தெரியாத நான் கேட்கவில்லை.  தொடர்ந்து நூல் விழுந்த பக்கம் வரைக்கும் படித்தேன். ஏழு பேர் கதை ஆண்டவர் சொன்னதே இல்லை. அவரை மடக்குவதற்காக வந்தவர்கள் கட்டிக்கொண்டு வந்த கேள்வி அது. அதைத்தான் நாங்கள் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு கை தட்டினோம்.

அமலி கொல்லைப் பக்கம் பால் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

“அமலி, ஒனக்கு என்ன வேணும்?” என்றேன்.

“உப்பு இருக்கு. மண்ணெண்ணெ மட்டும் வாங்கணும்” என்றாள் திரும்பாமல்.

“கடைச் சாமான் கேக்கல. ஒனக்கு. ஒனக்கு என்ன வேணும்?”

திரும்பிப் பார்த்தாள். என்னைக் குடித்துவிட்டு வந்தவளைப் போலப் பார்த்தாள். “என்ன ஆத்தா, ஒடம்பு சரியில்லையா?”

“நாளைக்கு அவுக வாராக. நான் என்ன சொல்லணும்? நீ சொல்லு.”

கரண்டியைக் கீழே வைத்தாள்.  பிறகு அவள் கத்தினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். “இப்பக் கேக்குறியா? நூலெல்லாம் போட்டு முடிச்சு, மேற்றிராணியார் வரைக்கும் பேசியாச்சு, இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா ஒனக்கு?”

நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். 

அவளே அழுது ஓய்ந்தாள். “எனக்குப் பயமா இருக்கு ஆத்தா. அக்கா மாதிரி நானும் செத்துப்போயிருவேன்னு பயமா இருக்கு. மச்சானப் பாத்தா அக்கா புருஷனாத்தான் தெரியுது. வேற மாதிரி பாக்க முடியல. எனக்கு இந்தப் பிள்ள வேணும். மச்சான் வேணாம். ரெண்டையும் சேத்து எடுத்தாத்தான் குடுப்பாகன்னா நான் என்ன செய்யட்டும்?” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளை பால் சட்டியைத் தட்டிவிட்டது.

என் மகளுக்கும் எனக்கும் ஒரே பயம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் வைத்திருந்திருக்கிறோம்.

மறுநாள் உன் மாமியார் வந்தார்கள். நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அமலிக்கு விருப்பமில்லை, கொடுப்பதற்கில்லை என்றேன்.

“பொண்ணு சொல்லுச்சாம்!” என்றார்கள். “பொண்ணு சொல்லி எந்த ஊருல கல்யாணம் நடந்துச்சு? என்னைய யாரு கேட்டா? ஒங்களைய யாரு கேட்டா? புத்தகத்தப் படிச்சு ஒங்களுக்குப் புத்தி மேல போயிருச்சு. அப்பப் பிள்ளைய எடுங்க, இப்பவே தூக்கிட்டுப் போறேன்.”

“தூக்குங்க. அப்படியே என்னையும் தூக்கிக்கங்க. அவ போற எடத்துக்குத்தான் நானும் வருவேன்” என்றார் உன் அய்யா.

யாரும் சிரிக்கவில்லை. நான் உன் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒங்க மேல குத்தமில்ல சம்பந்தியம்மா. பிள்ள என்கிட்டயே இருக்கணும்னு நானுந்தான் மனசுக்குள்ள சரின்னேன். அமலிய அதுக்கு வெலையாக் குடுக்கப் பாத்தேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்றேன். அவர்கள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்கள், உருவவில்லை.

அப்போதுதான் வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தேன். இத்தனை பேச்சிலும் அவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தலை எண்ணெய் காணாமல் செம்பட்டையாக இருந்தது.

“மாப்பிள்ள, ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  “எனக்குச் சலேத்துதான் வேணும் அத்தை” என்றார். அவ்வளவுதான். சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதார். அத்தனை பெரிய ஆளை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

 உன் மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இவன் இன்னும் ஒழுங்காச் சாப்பிடுறதில்ல சம்பந்தி. எனக்கு மட்டும் பயம் இல்லையா?” என்றார்கள். எழுந்து, பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வாசலில் நின்று திரும்பினார்கள். “நடக்குற வரைக்கும் இங்கிட்டு இருக்கட்டும். நடந்துட்டா வந்து தூக்கிட்டுப் போவேன். எம் பேத்தி, எங்க வீட்டுலதான் வளரணும். அதுல எந்தப் புத்தகத்தையும் கேக்க வேண்டியதில்ல.”

அவர்கள் சொல்வதும் நியாயம்தானே? அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது இங்கே நடப்பதைச் சொன்னால் நீ என்னைத் திட்டுவாய். அமலி இறக்கிவிடுகிற நேரம் போக, நான் பிள்ளையைக் கீழே இறக்கிவிடுவதில்லை. தண்ணீர் எடுக்கப் போனாலும் இடுப்பில், மாடு பிடித்துக் கட்டினாலும் இடுப்பில். வெயில் சுடும் என்பேன், முள் குத்தும் என்பேன், எறும்பு கடிக்கும் என்பேன். இடுப்பு ஒடிந்து போகிறது. உன் அய்யாவும் தெரிந்தே தோளில் ஏற்றிக்கொண்டு திரிகிறார். அமலிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஆத்தா, எறக்கிவிடு. அவ காலு வளர வேண்டாமா?” என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளையைப் பிரிந்தால் என்னைவிட அவளுக்குத்தான் உயிர் போகும்.

தினமும் விடியற்காலையில் இப்போதும் வைக்கோல்போர் ஓரம் போய் உட்காருகிறேன். கொஞ்சமாகத்தான் படிக்கிறேன். பயம் போய்விடவில்லை, பூச்சி. படித்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்று அமலியிடம் சொல்லியிருக்கிறேன். முன்பு பயம் வந்தால் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், நூலையோ, பிள்ளையையோ. இப்போது பிடித்திருப்பது தெரிகிறது. தெரிந்தும் விட முடியவில்லை. அங்கே உட்கார்ந்து அதைத்தான் சொல்கிறேன். ஆண்டவரே, என் கை திறக்கமாட்டேன் என்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்கு மேல் செபம் எனக்கு வரவில்லை.

நூல் கேட்டு இன்னும் பொம்பிளைகள் வருகிறார்கள். “நீதான் படிக்கிறியே அந்தோணியம்மா, எனக்கு ஒரு தடவ போட்டுச் சொல்லேன்” என்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். வீட்டுக்குப் போய் ஒன் மகனைக் கேளு, மருமகளைக் கேளு என்கிறேன். பெருமை பிடித்தவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்து, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி விடுவேன். அவள் நடக்கட்டும். நடந்ததும் உன் மாமியாருக்கு நானே ஆள் விட்டுச் சொல்வேன், ஒரு நாள்கூட மறைக்கமாட்டேன். அவள் எந்த வீட்டில் வளர்ந்தாலும், வாய் பேச வந்த பிறகு, அவளைக் கேட்காமல் அவளுக்கு எதையும் யாரும் முடிவு செய்யாதபடி நான் உயிரோடு இருக்கும்வரை குறுக்கே நிற்பேன்.

அமலியைக் கேட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டேன். பிள்ளையைக் கேட்பேன். இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள், அவளை நினைத்தால்தான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டு வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, விரலில் இருந்த சாக்குக்கட்டித் தூளைக் கழுவிக்கொண்டிருந்தாய். இடம் நல்ல இடம், வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று உன் அய்யா சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். தலை குனிந்தால் சம்மதம் என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் உன் தலையில் பூ வைத்தேன்.

அன்றைக்கு உனக்கு என்ன வேண்டியிருந்தது, பூச்சி?

உன் ஆத்தா,
அந்தோணியம்மாள்